உடைந்த குடமும் ஓட்டைத் தகரமும்

கூட்டுறவு இயக்கத்தின் ஆணிவேர் சிக்கனம் என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். 1904ஆம் ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றிய காலத்தும், 1935ஆம் ஆண்டில் கைத்தறி நெசவாளர்க்கென மாகாணச் சங்கமாகக் கோ-ஆப்டெக்ஸ் ஏற்பட்ட காலத்தும், முன்னோர் முதலில் வலியுறுத்தியது சிக்கனத்தையே. பணத்தில் சிக்கனம் வேண்டும் என்பதைப் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். பொருளில் சிக்கனம் என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. புழக்கடையில் கவிழ்ந்து கிடக்கும் ஓட்டைக் குடமும், துருவேறிய எண்ணெய்த் தகரமும், கிழிந்த சிமெண்டுச் சாக்கும் முதலில்லாத மூலதனம் என்று எவரேனும் கூறினால் நாம் நகைக்கக் கூடும். ஆயினும் அது நகைப்புக்குரியதன்று. அவற்றில் மண்ணிட்டு, விதை தூவி, நீர் தெளித்தால் ஒரு குடும்பத்தின் குழம்புச் சட்டிக்கு அன்றாடம் ஏதேனும் ஒன்று கிட்டும்.

அவ்வாறு செய்வது எங்ஙனம், எப்பாத்திரம் ஆகும், எது ஆகாது, சங்கங்கள் இதில் செய்யக்கூடியது யாது என்பவற்றை ஜவ்வாது மலையை மனத்திற் கொண்டு ஈண்டு எழுதுகிறோம். இவற்றுள் ‘எது ஆகாது’ என்னும் பகுதியை மட்டும் அங்கத்தினர்கள் இருமுறை படிக்குமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம். அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

மலைக்குத் தொட்டி எதற்கு?

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். சாமை இம்மலையின் தலையாய தானியம். பலாவும் புளியும் தேனும் இதன் செல்வங்கள். இவ்வளவு நிலமும் காடும் உள்ள இடத்தில், ஓட்டைத் தகரத்தில் செடி வளர்க்கச் சொல்வது கடலருகே நின்று கிணறு தோண்டச் சொல்வதாகாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, விடையும் உண்டு.

மலைவாழ் அங்கத்தினரின் நிலம் பெரும்பாலும் சரிவில் இருக்கிறது. வீட்டினின்று தொலைவில் இருக்கிறது. மழையை நம்பி இருக்கிறது. ஆடியை ஒட்டி விதைத்த சாமையை அறுத்துக் களத்தில் சேர்த்தபின், கோடை முடியுமட்டும் அந்நிலம் வெறுமையாகவே கிடக்கும். ஓடைகள் வற்றிய பங்குனி, சித்திரையில் தண்ணீர் என்பது பெண்மக்கள் தலையிலும் இடுப்பிலும் சுமந்து வரும் பொருள். அத்தண்ணீர் வந்து சேருமிடம் வீடு, வயலன்று. அரிசி கழுவிய நீரும், கீரை அலசிய நீரும் கொட்டப்படுமிடமும் வீட்டு வாசலே. ஆகவே காய்கறிச் செடி நீரைத் தேடிப் போகாமல், நீர் வந்து சேரும் வாசலுக்குச் செடி வரவேண்டும். காட்டுப் பன்றியும் குரங்கும் வயலை அழிக்கும் இடங்களில், கண்பார்வையிலுள்ள நாலைந்து தொட்டிகளைக் காப்பது எளிது. வீட்டைச் சுற்றிப் பாறையே உள்ள குடியிருப்புகளில் தொட்டியன்றி வேறு வழியும் இல்லை. பிழைப்பின் பொருட்டு இளையோர் வெளியூர் சென்றுவிட, முதியோரும் சிறாருமே தங்கியிருக்கும் வீடுகள் மலையில் பல. கலப்பை பிடிக்க இயலாத கையும் ஒரு தகரத்தில் கீரை விதைக்க இயலும்.

மலையடிவாரத்து நெசவாளரின் நிலை வேறு, முடிவு ஒன்றே. ஆரணி முதலிய நெசவூர்களில் குழித்தறி வீட்டின் நடுக்கூடத்தை எடுத்துக்கொள்கிறது. பாவு நீட்டுவதற்குத் தெருவையே நம்புகிறார்கள். நெசவாளர்க்கு நிலமென்று இருப்பது திண்ணையும் மொட்டை மாடியும் புழக்கடைச் சந்துமே. தறியில் கணவனும், தார் சுற்றுவதில் மனைவியுமாகப் பகல் முழுதும் கழியும் வீட்டில், காலையிலும் மாலையிலும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதுமான தோட்டமே தோட்டம்.

தேவை எவ்வளவு?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ணவேண்டும் என்கிறது. நம் அங்கத்தினர் இல்லங்களில் சோறும் குழம்பும் உண்டு. காய் என்பது பல நாட்களில் குழம்பில் மிதக்கும் இரண்டு துண்டுகளே. இதன் விளைவு கணக்கில் தெரிகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். இருவரில் ஒருவருக்கு மேல் என்று இதற்குப் பொருள். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. குடற்புழுவும், அடுத்தடுத்த பேறுகாலமும் அவற்றுள் அடங்கும். கீரை ஒன்றே அதனைத் தீர்த்துவிடாது. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கு அது மாற்றுமன்று. ஆயினும் தட்டில் பச்சை நிறமே காணாத குடும்பத்தில் அக்குறை தீர்வது அரிது. கீரையை உண்ணும்போது எலுமிச்சைச் சாறு சில துளி சேர்த்தால், அதிலுள்ள இரும்பு உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் பருகினால் அது தடைப்படும். இவை செலவில்லாத பாடங்கள்.

முன்னர் செய்தோர்

இம்முயற்சி புதியதன்று. கூரைமேல் சுரைக்கொடி ஏற்றுவதும், வேலியில் அவரை படரவிடுவதும், விதையைச் சாம்பலில் பிசறிச் சுரைக்குடுவையில் காப்பதும் நம் பாட்டிமார் அறிந்தவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க மக்கள் வீட்டு முற்றங்களில் போட்ட காய்கறித் தோட்டங்கள் 1943ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடி என மதிப்பிடப்பட்டது. நம் நாட்டில் உணவு நெருக்கடி மிகுந்த 1965ஆம் ஆண்டில், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் இல்லத்துப் புல்தரையையே உழுது பயிரிட்டு நாட்டிற்கு வழிகாட்டினார். 1991ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் கலைந்து இறக்குமதி நின்றபோது, கியூபாவின் ஹவானா நகர மக்கள் காலி மனைகளில் பலகை, செங்கல், உடைந்த ஓடு இவற்றால் பாத்தி கட்டிக் காய்கறி விளைவித்தனர். கென்யாவின் நைரோபி நகரத்துக் கிபேரா என்னும் குடிசைப் பகுதியில், 2008ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், சாக்கின் பக்கங்களில் துளையிட்டுக் கீரை நடும் முறை பரவிற்று. அம்முறையைப் பின்னர் விளக்குவோம்.

தமிழ்நாட்டில் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்னும் மாடித் தோட்டத் திட்டம் 2013ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. 2021ஆம் ஆண்டில் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தின்கீழ் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித் தோட்டத் தளை 225 ரூபாய்க்கும், கிராமங்களுக்கென 60 ரூபாய் மதிப்புள்ள 12 வகை விதைத் தளை 15 ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. மலைநாட்டிற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு கொல்லிமலை. ஜவ்வாது மலையில் உள்ளவர்களைப் போன்றே மலையாளிப் பழங்குடியினர் வாழும் அம்மலையில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்தோடு வீட்டுக் காய்கறித் தோட்டத்தையும் ஊக்குவித்து வந்துள்ளது.

அரசாங்கத்தின் பையும் விதையும் கிடைக்கும்போது பெற்றுக்கொள்ளல் வேண்டும். கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பை இல்லையெனில் பானை உண்டு.

எப்பாத்திரம் ஆகும்?

பாத்திரத்திற்கு வேண்டிய இலக்கணம் மூன்றே: மண் தாங்க வேண்டும், மிகை நீர் வடிய வேண்டும், முன்பு அதில் நஞ்சு இருந்திருக்கலாகாது.

கடைகளிலும் உணவு விடுதிகளிலும் கழிக்கப்படும் 15 கிலோ எண்ணெய்த் தகரம் மிகவும் ஏற்றது. மேற்பக்கத்தை வெட்டி நிமிர்த்தி வைத்தால் ஒன்றரை ஜாண் ஆழம் கிடைக்கும். கத்தரி, மிளகாய், தக்காளி இவற்றிற்கு அது போதும். கிடத்தி வைத்து ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தால் ஒரு ஜாண் ஆழமும் அகன்ற முகமும் உடைய கீரைத் தொட்டியாகும். வெட்டிய விளிம்பை மடித்துத் தட்டிவிடாவிடில் குழந்தைகள் கையைக் கிழிக்கும். துரு பயிருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் தகரம் ஓரிரண்டு ஆண்டில் இற்றுவிடும்.

ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் குடத்தை வாய்ப்புறம் அறுத்தால் நல்ல தொட்டி. வாய் சிதைந்த மண்பானையோ எல்லாவற்றினும் சிறந்தது. அதன் சுவர் மூச்சு விடுமாதலால் வேர் வெந்து போகாது. மூங்கிற் கூடை பழையதானால், உட்புறம் சாக்குத் துண்டு விரித்து மண் இடலாம். அரிசிச் சாக்கும் சிமெண்டுச் சாக்கும் பாதியளவு மடித்து உபயோகிக்கத்தக்கவை. சிமெண்டுச் சாக்கை உதறி இரண்டு மூன்று முறை அலசவேண்டும். ஒட்டியுள்ள தூள் சுண்ணத்தன்மை உடையது. பிளாஸ்டிக் இழைச் சாக்கு வெயிலில் ஓராண்டிற்குள் பொடியத் தொடங்கும். பொடிவதற்கு முன்பே மாற்றிவிடல் வேண்டும். மண்ணில் கலக்க விடலாகாது. கொட்டாங்கச்சியும் பால் உறையும் நாற்று வளர்ப்பதற்கு ஆகும்.

எது ஆகாது?

இனிக் கூறுவதை அங்கத்தினர்கள் கருத்துடன் படிக்க வேண்டும்.

2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையலுக்கு உபயோகித்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது சோதனையில் வெளியாயிற்று. பூச்சிமருந்து இருந்த கலனில் எண்ணெயை வைத்ததே காரணம் எனக் கருதப்பட்டது. வெறும் கலன், கழுவினால் போயிற்று என்று எண்ணும் எண்ணமே இத்தகைய கொலைக்கு வித்து.

ஆதலின் பூச்சிமருந்து, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி இருந்த டப்பாவையோ புட்டியையோ பையையோ எக்காரணத்தாலும் தொட்டியாக்கலாகாது. தண்ணீர் மொள்ளவும் ஆகாது. இவற்றை அடையாளம் காண்பது எளிது. நம் நாட்டில் விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்துக் கலனிலும் சாய்சதுரம் ஒன்று அச்சிடப்பட்டு, அதன் கீழ்ப்பாதி வர்ணத்தால் நச்சின் கடுமை காட்டப்பட்டிருக்கும். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் கொடியது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. பச்சை என்றவுடன் தீங்கற்றது என மயங்கலாகாது, அதுவும் நஞ்சே. 1971ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளின்படி, காலிக் கலன்களை மறுபடி பயன்படாவண்ணம் உடைத்துக் குடியிருப்புகளுக்கு அப்பால் புதைத்துவிட வேண்டும். வெளியே எறிந்து வைப்பதும் விதிக்கு மாறானது.

நெசவாளர்க்கு மற்றோர் எச்சரிக்கை. சாயப் பட்டறையிலிருந்து வரும் டின்னும் பீப்பாயும் பார்வைக்கு உறுதியானவை, பெரியவை, விலையின்றியும் கிடைக்கும். அவற்றில் காஸ்டிக் சோடாவும், ஹைட்ரோஸும், நாப்தாலும், உலோகச் சத்துள்ள சாயங்களும் இருந்திருக்கும். பிளாஸ்டிக் இவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் கசியவிடும். கீரை அதனை ஏற்கும். கீரையைக் குழந்தை உண்ணும். சாய டின்னில் பூச்செடியும் வேண்டா. இன்று பூ வளர்த்த தொட்டியில் நாளை வெந்தயக்கீரை விதைக்க நம் கை தயங்காது.

மோட்டார் பாட்டரிப் பெட்டி, பழைய வர்ண டப்பா இரண்டையும் அறவே விலக்க வேண்டும். பாட்டரிப் பெட்டியில் ஈயம் படிந்திருக்கும். வர்ணங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. அதற்கு முற்பட்ட டப்பாவை நம்புவதற்கில்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டதைத் திருத்த மருந்தில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுத் துண்டால் பாத்தி கட்டுவதும் தவறு. மோட்டார் டயர் வெயிலில் கொதிக்கும். உண்ணும் பயிருக்கு அதைத் தவிர்ப்பதே நலம்.

பாத்திரத்தில் முன்பு என்ன இருந்தது என்று தெரியவில்லையா? அது வேண்டா. இதுவே விதி.

துளையும் மண்ணும்

தொட்டிச் செடி தாகத்தால் மடிவதைக் காட்டிலும் நீர் தேங்கி மடிவதே மிகுதி. அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவில் நான்கைந்து துளைகள் வேண்டும். துளைமேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் வெளியேறாது. வடிகால் நன்றாயிருக்கும் என்று கருதி ஒரு சாண் உயரம் கூழாங்கல் கொட்டுவோர் உண்டு. அதனாற் பயனில்லை, கல்லின்மேல் மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும், வேருக்கு உரிய ஆழந்தான் குறையும். தொட்டியை இரண்டு செங்கல்மீது உயர்த்தி வைத்தாலே போதும்.

மண் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்பது பழகிய அளவு. மலையில் செம்மண்ணும் ஆட்டெருவும் கிடைப்பது அரிதன்று. காப்புக்காட்டு மண்ணில் கைவைக்க வேண்டுவதில்லை, சட்டமும் இடங்கொடாது. பச்சைச் சாணத்தை இடலாகாது. அது மக்கும்போது சூடேறி வேரைக் கருக்கும். கலவையில் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் வேர்ப்புழு அணுகாது. மாடியில் வைப்போர் பாரத்தைக் கருதவேண்டும். மண் நிறைந்து நனைந்த தகரம் ஒன்று 25 கிலோவுக்குக் குறையாது. எனவே மாடியில் செம்மண்ணின் பெரும்பகுதிக்குப் பதிலாகத் தென்னைநார்க் கழிவை இடலாம். அதனை இருமுறை நீரில் ஊறவைத்து உப்பும் துவர்ப்பும் நீங்கப் பிழிந்து, எருவோடு கலந்தே உபயோகிக்க வேண்டும். தனியே அதில் சத்தில்லை. தொட்டிகளை நடுத்தளத்தில் குவிக்காமல், சுவருக்கு நேர்மேலாக ஓரத்தில் வரிசையிடுக.

எதில் எதனை இடுவது?

ஒரு ஜாணுக்குட்பட்ட ஆழத்தில் சிறுகீரை, அரைக்கீரை, வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி விளையும். சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்கத்தக்கது. அரைக்கீரையை முதல்முறை 25 நாளில் அறுத்தபின் வாரமொரு முறை அறுக்கலாம்; மூன்று மாதம் நிற்கும். சிறு குடும்பத்திற்கு இதுவே ஏற்றது. ஒன்றரை ஜாண் ஆழத்தில் ஒரு மிளகாயோ, ஒரு கத்தரியோ, ஒரு தக்காளியோ நிற்கும். ஆசையால் இரண்டு நட்டால் இரண்டும் மெலியும். சாக்கு நிறைந்த மண்ணில் அவரை, பீர்க்கு, பாகல், சுரை இவற்றைக் கூரைமேலோ பந்தல்மேலோ ஏற்றலாம்.

நம் நாட்டுக் கொடியவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடிப்பட்டத்தில் இட்டால் மார்கழி, தையில் காய்க்கும். மாசியில் இட்டுவிட்டுக் கொடிமேல் குறைகூறிப் பயனில்லை. சுரைப்பூ மாலையில் மலரும். பூசணிப்பூ விடியலில் மலரும். பிஞ்சு வெம்பி உதிர்கிறதென்றால் பெரும்பாலும் மகரந்தம் சேராமையே காரணம். காம்பு மட்டும் உள்ள ஆண்பூவைப் பறித்து, அடியில் குறும்பிஞ்சு உள்ள பெண்பூவின் நடுவே மெல்லத் தடவிவிட்டால் காய் பிடிக்கும். தேனுக்குப் பேர்போன மலையில் இவ்வேலை தேனீயினுடையது; நஞ்சு தெளித்து அதை விரட்டியவர்க்கே தம் கையால் செய்யும்படி நேரும்.

கிபேராவின் சாக்கு முறை இது: சாக்கின் நடுவே அடியும் மூடியும் நீக்கிய டப்பா ஒன்றை நிறுத்தி, அதனுள் சிறு கற்களையும் அதனைச் சுற்றி மண் கலவையையும் நிரப்புக. பின் டப்பாவை மேலே உயர்த்தி மீண்டும் அவ்வாறே நிரப்பிக்கொண்டு வருக. முடிவில் நடுவே ஒரு கல்தூண் நிற்கும். மேலிருந்து ஊற்றும் நீர் அதன் வழியே அடிவரை பரவும். சாக்கின் பக்கங்களில் கத்தியால் கீறிக் கீரை நாற்றுகளை நட்டால், இரண்டடி இடத்தில் நாற்பது நாற்று நிற்கும். இடம் குறைந்த நெசவாளர் வீட்டிற்கு இதனினும் ஏற்ற முறை அரிது.

தண்ணீர்

கோடையில் தொட்டி நாளும் காயும். சாமைத் தாளையோ உமியையோ இரண்டு விரற்கடை மண்மேல் பரப்பினால் ஈரம் நிற்கும். வாய்குறுகிய பழைய மண்கலயத்தைப் பெரிய தொட்டியின் நடுவே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைக்கலாம். அதன் சுவர் வழியே நீர் கசிந்து வேருக்குச் சேரும். மேல்மண் நனையாததால் வீணாகாது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே சீனர் இம்முறையை நூலில் எழுதி வைத்துள்ளனர். நெசவாளர் வீட்டிலோ கழிவு நூல் உண்டு. சாயமேற்றாத பருத்திக் கழிவு நூலை முறுக்கித் திரியாக்கி, ஒரு முனையை நீர்க்குடத்திலும் மறுமுனையை மண்ணிலும் புதைத்தால், இரண்டு நாள் வெளியூர் போய்வரினும் செடி வாடாது.

அரிசி கழுவிய நீர், காய் அலசிய நீர், நீர்த்த கஞ்சி இவை செடிக்கு ஆகும். சோப்புநீரை வாழைக்கு விடுக, கீரைக்கு வேண்டா. தொட்டியின்கீழ் வைத்த தட்டிலும், வெறுமனே கிடக்கும் தகரத்திலும் நீர் தேங்க விடலாகாது. டெங்குக் கொசு இத்தகைய தெளிந்த நீரில் முட்டையிட்டு, ஏழெட்டு நாளில் சிறகு முளைத்துப் பறக்கும். வாரமொரு முறை தட்டைக் கவிழ்த்தால் அதன் குலம் அற்றுப்போகும். தோட்டம் என்ற பெயரால் கொசுப்பண்ணை வளர்க்கலாகாது.

பூச்சியும் விதையும்

வாசலில் விளைவது குழந்தை பறித்து வாயிலிடுவது. அதில் கடைமருந்துக்கு இடமில்லை. வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்து இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளித்தால் அசுவினியும் வெள்ளை ஈயும் குறையும். பஞ்சகவ்யம் தெளிப்போர் லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவை மீறவேண்டா.

விதையைப் பொறுத்தவரை நாட்டு ரகங்களே நம் முதல். கலப்பின விதையின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் பயன் தராது. ஆண்டுதோறும் கடைக்குச் செல்ல நேரும். நாட்டு ரகத்தில் நோயற்ற செடி ஒன்றைத் தேர்ந்து, நடுப்பருவக் காய் இரண்டை முற்றவிட்டு, விதையை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைத்தால் அடுத்த பட்டத்திற்கு விதை தயார். இவ்விதை வட்டியுடன் திரும்பும் கடன் போன்றது.

கணக்குப் பார்ப்போம்

கூட்டுறவாளர்க்கு மிகையுரை ஆகாது; ஆதலின் வரவை உள்ளபடி கூறுகிறோம். கிடத்தி வைத்த எண்ணெய்த் தகரத்தின் முகப்பரப்பு ஒரு சதுர மீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பத்துத் தகரத்தில் சிறுகீரை விதைத்தால் ஒருமுறைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். ஒருவர்க்கு நாளைக்கு 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், நால்வர் குடும்பத்திற்கு அது இரண்டரை நாள் கீரை. பத்துத் தகரமும் மாதம் முழுதும் சோறு போடும் என்று எவரேனும் கூறின் நம்ப வேண்டா.

ஆனால் பத்துத் தகரத்தையும் பிரித்து, நான்கில் அரைக்கீரை வாரம் மாற்றி வாரம் விதைத்து, மூன்றில் மிளகாய், இரண்டில் கத்தரி, ஒன்றில் தக்காளி நட்டு, புறம்பே ஒரு சாக்கில் சுரையோ அவரையோ ஏற்றினால், கணக்கு வேறாகும். மிளகாய் பெரும்பாலும் கடையில் வாங்க வேண்டுவதில்லை. வாரத்தில் ஒருநாள் கீரை உறுதி. பட்டத்தில் கொடிக்காய் அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். இவற்றோடு வாசலோரம் தரையில் ஒரு முருங்கைக்கொம்பு ஊன்றிவிட்டால் கீரைக்குப் பஞ்சமில்லை. சந்தைக்குப் பேருந்தேற வேண்டிய மலைக்குடும்பத்திற்கு, சந்தையில்லாத நாளில் தட்டில் விழும் ஒரு பிடி பச்சை சிறிதன்று.

சங்கங்களின் கடமை

தனியொருவர் செய்வதைப் பலர் சேர்ந்து செய்தால் செலவு குறையும் என்பதே நம் இயக்கத்தின் தத்துவம். பழங்குடி மக்களுக்கெனப் பல்நோக்குப் பெருஞ்சங்கங்கள் ஏற்பட 1971ஆம் ஆண்டின் பாவா குழு பரிந்துரைத்தபோது, கடன், இடுபொருள், நுகர்பொருள், வனப்பொருள் விற்பனை யாவும் ஓரிடத்தே கிட்டவேண்டும் என்பதே கருத்து. அந்த ஓரிடத்தில் ஒரு கைப்பிடி விதைக்கும் இடமுண்டு.

சங்கங்கள் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, விதையை மொத்தமாக வாங்கிச் சிறு பொட்டலமாக அங்கத்தினர்க்கு அடக்கவிலையில் அளித்தல். நாட்டு விதை காக்கும் மூதாட்டியரிடமிருந்து விதை பெற்று, பெற்றவர் அடுத்த பட்டத்தில் இருமடங்காகத் திருப்பும் விதைப் பரிமாற்றம் ஒன்றை நடத்துதல். இரண்டாவது, நியாயவிலைக் கடையில் கழியும் சாக்குகளைப் பற்றியது. காலிச் சாக்குக்கும் இருப்புப் புத்தகத்தில் கணக்குண்டு என்பதை விற்பனையாளர்கள் அறிவர்; எனவே அதனைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடலாகாது. கிழிந்து விலைபோகாதவற்றை விதிகட்கு உட்பட்டு அங்கத்தினர்க்கு விலைக்குக் கொடுக்க இயலுமா என்பதை நிர்வாகக் குழுவோ தனி அலுவலரோ ஆராய்ந்து தீர்மானித்தல் நலம். பற்றுச்சீட்டு இன்றி ஒரு சாக்கும் வெளியேறலாகாது. மூன்றாவது, பூச்சிமருந்து விற்கும் சங்கங்கள் வர்ணக் குறியின் பொருளைக் கடைச்சுவரில் பெரிதாக எழுதி வைத்து, காலிக் கலனைக் குறித்து வாங்குவோர் ஒவ்வொருவரிடமும் வாயாலும் எடுத்துரைத்தல். நெசவாளர் சங்கங்கள் சாய டின்களை உடைத்த பின்னரே கழிவாக வெளியேற்றுதல். நான்காவது, சங்கக் கட்டிடத்தின் வாசலிலேயே பத்துத் தகரத் தோட்டம் ஒன்றை அமைத்தல். பேரவைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, கடன் வாங்க வந்தவர் கண்ணில் படும் ஒரு காய்த்த மிளகாய்ச் செடி நன்றாகப் பேசும்.

அங்கத்தினர்களே! ஆடிப்பட்டம் தேடி விதை என்பர். வயலுக்குத்தான் பட்டம், வாசலில் வைத்த கீரைத் தகரத்திற்கு ஆண்டு முழுதும் பட்டமே. இன்று மாலை புழக்கடையைச் சுற்றிப் பார்த்து, கிடக்கும் பாத்திரங்களை இருகூறாகப் பிரியுங்கள். நஞ்சு இருந்தவற்றையும், என்ன இருந்ததென்று அறியாதவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கி, எவரும் எடுத்தாளாவண்ணம் உடைத்துவிடுங்கள். எஞ்சியவற்றில் ஒன்றைத் தேர்ந்து துளையிட்டு மண் நிரப்பி, ஒரு சிட்டிகை அரைக்கீரை விதையைத் தூவுங்கள். ஒன்றில் தொடங்கினால் போதும். பங்குத் தொகையும் அவ்வாறு சிறிதாகத் தொடங்கியதே.